கப்பலேறப் பிறப்புச் சான்றிதழ் போதுமா?

கடல் இல்லாத ஊர் ஹைதராபாத். தண்ணீரில் போக ஆசைப்படுகிறவர் ஹுசேன் சாகரில் புத்தர் சிலை வரை படகில் போய்த் திரும்பலாம். அதற்கு மேல் வழியில்லை. ஆனாலும் பத்மராவ் நகர், மல்காஜ்கிரி, லாலாகுடா பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் கப்பல் பயணப் பேச்சு இப்போது சகஜமாகிவிட்டது. பேச்சைக் கிளப்புகிறவர்கள் பெரும்பாலும் அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகள். "கப்பலில் ஒரு வாரம் தீவுகளைச் சுற்றிவிட்டு வந்தோம். குழந்தைகளுக்குப் பாஸ்போர்ட்டே கேட்கவில்லை, பிறப்புச் சான்றிதழைக் காட்டினோம், விட்டுவிட்டார்கள்" என்று அவர்கள் போனில் சொல்கிறார்கள். கேட்டவர் மறுநாள் ஆபீசில் சொல்கிறார். ஒரு மாதத்திற்குள் "கப்பலுக்குப் பாஸ்போர்ட் வேண்டாம், ஜனன சர்ட்டிபிகேட் போதும்" என்று விஷயம் சுருங்கிவிடுகிறது. அதை நம்பி, பாஸ்போர்ட் எடுக்காமலேயே இலங்கை போகும் கப்பலுக்குப் பணம் கட்டலாமா என்று விசாரிக்கிறவர்களும் உண்டு.

அமெரிக்காவிலிருந்து வந்த சேதி பொய்யல்ல. ஆனால் அது யாருக்குப் பொருந்தும் என்பதுதான் கேள்வி.

அமெரிக்கச் சட்டம் சொல்வது

கடல் வழியாகவும் தரை வழியாகவும் நாடு திரும்புகிறவர்கள் என்ன காகிதம் காட்ட வேண்டும் என்று 2009 ஜூன் 1 முதல் அமெரிக்கா புது விதி வைத்தது. அதில் ஒரு சலுகை இருக்கிறது. ஓர் அமெரிக்கத் துறைமுகத்தில் புறப்பட்டு, பக்கத்துக் கடல்களில் உள்ள தீவுகளையோ மெக்சிகோவையோ சுற்றிவிட்டு, புறப்பட்ட அதே துறைமுகத்துக்குத் திரும்பும் கப்பலில் போகும் அமெரிக்கப் பிரஜைக்குப் பாஸ்போர்ட் கட்டாயமில்லை. அரசாங்கம் கொடுத்த பிறப்புச் சான்றிதழும், படத்தோடு கூடிய ஓர் அடையாள அட்டையும் போதும். 16 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அட்டைகூட வேண்டாம். பிறப்புச் சான்றிதழே போதும்.

'அமெரிக்கப் பிரஜை' என்ற சொல்லில்தான் விஷயம் முழுவதும் இருக்கிறது. அந்தப் பேரக்குழந்தை அங்கே பிறந்தது. ஆகவே அந்நாட்டுப் பிரஜை. அதன் தகப்பனார் இந்தியப் பாஸ்போர்ட்டில் வேலை பார்க்கிறவரானால் அவருக்கு இந்தச் சலுகை கிடையாது. பேரனைப் பார்க்கப் போயிருக்கும் தாத்தா பாட்டிக்கும் கிடையாது. அவர்கள் பாஸ்போர்ட்டையும், ஒரு முறைக்கு மேல் நுழைய அனுமதிக்கும் விசாவையும் கையில் வைத்திருக்க வேண்டும். கப்பல் அமெரிக்கக் கரையை விட்டு வேறு நாட்டைத் தொட்டுவிட்டுத் திரும்பும்போது, அது மறுபடி நுழைவதாகத்தான் கணக்கு. ஒரே ஒரு முறை நுழையும் விசாவோடு கப்பலேறிவிட்டால் திரும்பும்போது வாசலிலேயே நிற்க வேண்டியதுதான்.

அந்நாட்டுப் பிரஜைகளுக்கே அங்குள்ள அனுபவஸ்தர்கள் இந்தச் சலுகையை நம்பிப் போக வேண்டாம் என்றுதான் சொல்கிறார்கள். நடுவழியில் ஒரு தீவில் உடம்புக்கு வந்து ஆஸ்பத்திரியில் சேர்ந்தாலோ, கடைத்தெருவில் நேரம் போனது தெரியாமல் கப்பலைத் தவற விட்டாலோ, அங்கிருந்து விமானத்தில்தான் திரும்ப வேண்டும். விமானத்துக்குப் பிறப்புச் சான்றிதழ் செல்லாது. மார்ட்டினிக் போன்ற சில தீவுகள் இறங்குவதற்கே பாஸ்போர்ட் கேட்கின்றன. ஆஸ்பத்திரி கொடுத்த நினைவுச் சான்றிதழை எடுத்துக்கொண்டு போய்த் திண்டாடியவர்களும் அங்கே உண்டு. இந்தக் கடைசி விஷயம் நம் ஊருக்கும் பொருந்துவது, பின்னால் வருகிறது.

நமக்கு ஏன் இல்லை?

அமெரிக்க மண்ணில் பிறந்தவர் அமெரிக்கப் பிரஜை என்பது 1868-ல் அந்நாட்டு அரசியல் சட்டத்தில் சேர்ந்த திருத்தம். ஆகவே அங்கே பிறந்த இடத்தைக் காட்டும் காகிதமே பிரஜை என்பதையும் காட்டிவிடுகிறது. ஒரே காகிதத்தில் இரண்டு காரியம்.

இந்தியாவில் ஒரு காலத்தில் நிலைமை ஏறக்குறைய அப்படித்தான் இருந்தது. 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூன் 30 முடிய இங்கே பிறந்தவர் பிறப்பாலேயே இந்தியப் பிரஜை. 1987 ஜூலை 1 முதல் பிறந்தவருக்குத் தாய் தகப்பனில் ஒருவராவது பிரஜையாக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல் பிறந்தவருக்கு இருவரும் பிரஜைகளாக இருக்க வேண்டும். அல்லது ஒருவர் பிரஜையாகவும் மற்றவர் சட்ட விரோதமாகக் குடியேறாதவராகவும் இருக்க வேண்டும். நகராட்சி கொடுக்கும் பிறப்புச் சான்றிதழில் குழந்தையின் பெயர், பிறந்த தேதி, பிறந்த இடம், பெற்றோர் பெயர், முகவரி இருக்கும். பெற்றோர் எந்த நாட்டுப் பிரஜைகள் என்பதற்கு அது அத்தாட்சியாகாது. அதனால் எல்லை கடக்கும் காகிதமாக அதை யாரும் ஏற்பதில்லை.

பிறப்புக் காகிதம் என்ன செய்யும் என்பது தமிழர்களுக்குப் புதிய பாடமல்ல. 1914-ல் தொடங்கிய தனுஷ்கோடி - தலைமன்னார் கப்பலில் ஏறி, தேயிலைத் தோட்டத்துக்குப் போன லட்சக்கணக்கானவர்கள் பாஸ்போர்ட் என்ற பொருளைப் பார்த்ததே இல்லை. 1948-ல் இலங்கை தன் பிரஜா உரிமைச் சட்டத்தைக் கொண்டு வந்தபோது, இலங்கையில் பிறந்தேன் என்று காட்டினால் போதவில்லை. தகப்பனாரும் இலங்கையில் பிறந்தவர் என்று காட்ட வேண்டியிருந்தது. அல்லது தகப்பன் வழியில் பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்ததைக் காட்ட வேண்டும். லயத்தில் பிறந்த தகப்பனுக்கு யார் சான்றிதழ் எழுதி வைத்திருந்தார்கள்? அந்த ஒரு காகிதம் இல்லாததால் பல லட்சம் பேர் எந்த நாட்டுக்கும் உரியவர்கள் அல்லாமல் போனார்கள்.

1964 அக்டோபர் 30-ல் சாஸ்திரி - ஸ்ரீமாவோ ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென்று பிரித்தார்கள். மீதி 1,50,000 பேரை 1974-ல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. இந்தியப் பாஸ்போர்ட் கொடுக்கப்பட்டவர்கள் தலைமன்னாரிலிருந்து கப்பலில் ராமேசுவரம் வந்து, மண்டபம் முகாம் வழியாகச் சிதறினார்கள். ஆந்திரத்துக்கும் அவர்களில் ஒரு பகுதியினர் வந்தார்கள். அவர்களில் பலருக்கு அதுதான் வாழ்க்கையில் கிடைத்த முதல் பாஸ்போர்ட்; ஒரே ஒரு கப்பல் பயணத்துக்கு மட்டும் பயன்பட்ட பாஸ்போர்ட். அந்தக் கப்பல் 1984-ல் நின்றது.

எந்தக் கப்பலுக்கு என்ன காகிதம்?

ஹைதராபாத்திலிருந்து கப்பலேற நினைப்பவருக்கு இரண்டு துறைமுகங்கள் வசதி. கோதாவரி எக்ஸ்பிரஸில் ஏறினால் விசாகப்பட்டினம். சார்மினார் எக்ஸ்பிரஸில் ஏறினால் சென்னை. இரண்டு இடத்திலிருந்தும் அந்தமானுக்குக் கப்பல் உண்டு. சென்னையிலிருந்து அடிக்கடி, விசாகப்பட்டினத்திலிருந்து அபூர்வமாக. ஏறக்குறைய மூன்று நாள் பயணம். போர்ட் பிளேருக்கு 2024-ல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். அது இந்தியாவின் பகுதிதான். ஆகவே இந்தியப் பிரஜைக்குப் பாஸ்போர்ட் தேவையில்லை. படத்தோடு கூடிய அரசு அடையாள அட்டை இருந்தால் போதும். அந்தமானில் தமிழர்கள் ஏராளம். கடலையும் பார்த்து நம்மவர்களையும் பார்த்துவிட்டு வர, செலவு குறைந்த பயணம் இதுதான்.

கொச்சியிலிருந்து லட்சத்தீவு போகிறவருக்கும் பாஸ்போர்ட் வேண்டாம். ஆனால் முன்கூட்டியே அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். அது இல்லாமல் இந்தியப் பிரஜையானாலும் இறங்க முடியாது.

உல்லாசக் கப்பல் என்று விளம்பரம் செய்கிறார்களே, அதில்தான் ஏமாறாமல் பார்க்க வேண்டும். 2022-ல் சென்னையிலிருந்து விசாகப்பட்டினம், புதுச்சேரி என்று கப்பல் விட்டார்கள். இந்தியக் கரையோடு நிற்கும் இத்தகைய பயணத்துக்கு ஆதாரோ வாக்காளர் அட்டையோ காட்டிவிட்டு ஏறலாம். கைக்குழந்தைக்குப் பிறப்புச் சான்றிதழ் இங்கே உதவும். 2023 ஜூனில் அதே சென்னைத் துறைமுகத்திலிருந்து அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறைக்குக் கப்பல் புறப்பட்டது. துறைமுகமும் கப்பலும் மாறவில்லை. காகிதம் மட்டும் வேறு. இலங்கையைத் தொடும் கப்பலென்றால் குழந்தை முதல் கிழவர் வரை ஆளுக்கொரு பாஸ்போர்ட் கட்டாயம். "நாங்கள் கரையில் இறங்க மாட்டோம், கப்பலிலேயே இருந்துவிடுகிறோம்" என்று சொல்வது எடுபடாது. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் தொடங்கிய பயணிகள் கப்பல் சில மணி நேரத்தில் போய்ச் சேர்ந்துவிடும். அதற்கும் பாஸ்போர்ட் வேண்டும். தூரம் குறைவென்றால் காகிதம் குறைவென்று அர்த்தமில்லை.

பாஸ்போர்ட் இல்லாமல் இந்தியர் போகக்கூடிய வெளிநாடு இல்லவே இல்லையா என்றால், உண்டு. நேபாளமும் பூடானும். இரண்டுக்கும் கடல் கிடையாது என்பது வேறு விஷயம். வாக்காளர் அட்டையோடு போகலாம். பூடானுக்குப் பெற்றோருடன் போகும் 18 வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்குப் பிறப்புச் சான்றிதழே பாஸ்போர்ட்டின் இடத்தில் நிற்கிறது. ஆனால் அது ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். தமிழில் மட்டும் எழுதிய பழைய நகலையோ தெலுங்கில் மட்டும் உள்ளதையோ கொண்டுபோனால், பூடான் எல்லையில் படிக்க ஆளிருக்காது.

பாஸ்போர்ட்டுக்கு அடி

ஆக, பிறப்புச் சான்றிதழ் கப்பலேற்றாது. பாஸ்போர்ட் வாங்கித் தரும். அதிலும் 2023 அக்டோபர் 1 முக்கியமான தேதி. அன்றோ அதற்குப் பிறகோ பிறந்த குழந்தைக்குப் பாஸ்போர்ட் எடுக்கப் பிறந்த தேதிக்கு அத்தாட்சி பிறப்புச் சான்றிதழ் ஒன்றுதான். 2025-ல் பாஸ்போர்ட் விதியைத் திருத்தி இதை எழுதிவிட்டார்கள். பள்ளியில் சேர்ப்பதற்கும், ஆதாருக்கும், பின்னால் டிரைவிங் லைசென்சுக்கும், சர்க்கார் வேலைக்கும் அதே காகிதம்தான் கேட்கப்படும்.

அதற்கு முன் பிறந்தவர்களுக்கு வேறு வழிகள் திறந்தே இருக்கின்றன. பள்ளி மாற்றுச் சான்றிதழ் அல்லது எஸ்.எஸ்.எல்.சி. சான்றிதழ், பான் கார்டு, டிரைவிங் லைசென்ஸ், வாக்காளர் அட்டை, எல்.ஐ.சி. பாலிசி இவற்றில் பிறந்த தேதி இருந்தால் ஏற்றுக்கொள்வார்கள். சர்க்கார் குமாஸ்தாவாக இருந்தவருக்குச் சர்வீஸ் ரிஜிஸ்டரின் நகலே போதும்; ஓய்வு பெற்றவருக்குப் பென்ஷன் உத்தரவு. இருபத்தைந்து ஆண்டுகள் மற்றவர்களுடைய சர்வீஸ் ரிஜிஸ்டரை எழுதியவர், தம்முடைய ரிஜிஸ்டர் இப்படி உதவும் என்பதை அறியாமல் பிறந்த ஊருக்கு ரயிலேறுவது பரிதாபம்.

இங்கே பிறந்த பிள்ளைகள் விஷயத்தில்தான் நம்மவர்கள் அதிகம் அலைகிறார்கள். கோட்டி பிரசவ ஆஸ்பத்திரியிலோ காந்தி ஆஸ்பத்திரியிலோ பிரசவம் ஆகியிருக்கும். வீட்டுக்குப் போகும்போது கொடுத்த டிஸ்சார்ஜ் சீட்டைப் பத்திரமாகப் பெட்டியில் வைத்திருப்பார்கள். அதுவே சர்ட்டிபிகேட் என்று நினைப்பார்கள். அது ஆஸ்பத்திரியின் சீட்டு. பதிவாளரின் சான்றிதழ் அல்ல. ஆஸ்பத்திரி தகவல் அனுப்பியிருக்கும், பதிவும் ஆகியிருக்கும். ஆனால் சான்றிதழை மாநகராட்சியிலோ மீசேவா நிலையத்திலோ கேட்டு வாங்க வேண்டும். திருமலகிரி, பொல்லாரம் போன்ற கன்டோன்மென்ட் பகுதிகளில் பிறந்தவர்களின் பதிவு கன்டோன்மென்ட் போர்டில் நடந்தது. மாநகராட்சியில் தேடிவிட்டு "இல்லை" என்ற பதிலோடு திரும்புகிறவர்களில் இவர்களும் சிலர்.

கிடைத்த சான்றிதழில் குழந்தையின் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பது அடுத்த வேலை. பெயர் சூட்டுவதற்கு முன்பே பதிவு நடந்துவிடுவதால் அந்த இடம் காலியாகவே கிடக்கும். பதிவான நாளிலிருந்து 12 மாதத்துக்குள் கட்டணமில்லாமல் பெயரைச் சேர்க்கலாம். அதன்பின் கட்டணம் கட்டி 15 ஆண்டு வரை சேர்க்கலாம். பெயரில்லாத சான்றிதழைப் பாஸ்போர்ட் அலுவலகத்தில் நீட்டினால், அது யாருடையது என்று கேட்பார்கள். கேட்பது நியாயமும்கூட.

இனிஷியல் படுத்தும் பாடு

எழுத்துப் பிழையைவிடப் பெரிய தலைவலி இனிஷியல். தெலுங்கர்களுக்குப் பெயருக்கு முன்னால் வருவது இண்டிபேரு, அதாவது வீட்டுப் பெயர். பாட்டன், தகப்பன், பிள்ளை மூவருக்கும் அது ஒன்றே. தமிழருக்கு முன்னால் வருவது தகப்பனார் பெயரின் முதலெழுத்து. தலைமுறைக்குத் தலைமுறை அது மாறும். சுப்பையாவின் மகன் முருகன் என்றால் எஸ். முருகன், அவர் மகன் குமார் என்றால் எம். குமார். செகந்தராபாத் பள்ளியில் பெயரெழுதும் குமாஸ்தாவுக்கு இது விசித்திரமாகப் படும். "அப்பாவுக்கு எஸ், பிள்ளைக்கு எம், எப்படி?" என்று கேட்பார். கேட்டுவிட்டு, உதவி செய்வதாக நினைத்துப் பிள்ளைக்கும் எஸ் என்றே எழுதிவிடுவார். பிறப்புச் சான்றிதழில் வெறும் குமார், பள்ளியில் எஸ். குமார், ஆதாரில் குமார் முருகன், பான் கார்டில் முருகன் குமார். ஒரே பையன், நான்கு பேர்.

பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் இனிஷியல் எழுதக் கூடாது. விரித்துத்தான் எழுத வேண்டும். குடும்பப் பெயர் என்ற இடத்தில் பல தமிழர்கள் தகப்பனார் பெயரைப் போடுகிறார்கள். சிலர் காலியாக விட்டுவிடுகிறார்கள். காலியாக விடுவது இந்தியாவில் குற்றமில்லை. ஆனால் துபாய் உள்ளிட்ட ஐக்கிய அரபு நாடுகள் 2022 நவம்பர் முதல், ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டில் சுற்றுலா விசாவோடு வருவோரை ஏற்பதில்லை என்று அறிவித்தன. பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் தகப்பனார் பெயர் இருந்தால் சலுகை என்று பிறகு தெளிவுபடுத்தின. வளைகுடாவில் வேலை தேடும் பிள்ளைகள் உள்ள வீடுகளில், குழந்தையின் பெயரைப் பதிவு செய்யும்போதே தகப்பனார் பெயரையும் சேர்த்து முழுப்பெயராகக் கொடுத்துவிடுவது பின்னால் வரும் அலைச்சலைத் தடுக்கும். சான்றிதழில் எழுத்துப் பிழை இருந்தால் பதிவாளரிடம் அத்தாட்சி காட்டித் திருத்தச் சட்டத்தில் இடமுண்டு. அதைப் பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போடுமுன் செய்ய வேண்டும். போட்ட பிறகு செய்தால் இரண்டு ஆபீசிலும் விளக்கம் எழுத வேண்டிவரும்.

குறுக்கு வழி

பதிவே ஆகாத பிறப்புக்கும் வழியிருக்கிறது. 1969-ம் ஆண்டுச் சட்டப்படி 21 நாளுக்குள் தகவல் கொடுத்தால் கட்டணமில்லை. 30 நாள் வரை தாமதக் கட்டணம். ஓராண்டு வரை மேலதிகாரியின் அனுமதி. ஓராண்டு தாண்டிவிட்டால் முன்பெல்லாம் முதல் வகுப்பு மாஜிஸ்டிரேட் கோர்ட்டுக்குப் போக வேண்டியிருந்தது. 2023 திருத்தத்துக்குப் பின் கலெக்டர், ஆர்.டி.ஓ. நிலையிலுள்ள நிர்வாக மாஜிஸ்டிரேட்டின் உத்தரவு போதும். பதிவேட்டில் தேடி, "பதிவு இல்லை" என்று ஒரு சான்று வாங்கி, அத்தாட்சிகளோடு மனுச் செய்ய வேண்டும். மாதங்கள் ஆகும்.

இந்த மாதங்களைத்தான் இடைத்தரகர்கள் விலை பேசுகிறார்கள். உத்தரவும் விசாரணையும் இல்லாமல் ஒரே நாளில் சான்றிதழ் வாங்கித் தருவதாகச் சொல்கிறவர்கள் ஹைதராபாத்தில் இருந்தார்கள், வாங்கியும் தந்தார்கள். மனுவைக் கம்ப்யூட்டரில் ஏற்றினால் உடனே அனுமதி என்று மாநகராட்சி செய்திருந்த வசதியைப் பயன்படுத்தி, ஆர்.டி.ஓ. உத்தரவு இருக்க வேண்டிய இடத்தில் ஏதோ ஒரு காகிதத்தைச் சேர்த்து அனுப்பினார்கள். விஷயம் வெளிவந்ததும் 2023-ல் மாநகராட்சி சுமார் 27,000 பிறப்பு, இறப்புச் சான்றிதழ்களை ரத்து செய்தது. பணம் கொடுத்தவர்களில் உண்மையாகவே இந்த ஊரில் பிறந்தவர்கள் எத்தனை பேரோ! முறைப்படி மனுச் செய்திருந்தால் கிடைத்திருக்கக்கூடிய சான்றிதழையும் அவர்கள் சந்தேகத்துக்கு உள்ளாக்கிக்கொண்டார்கள்.

பிறந்த ஊரில்தான் பதிவு என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள். நாற்பது ஆண்டுகளாக ரேஷன் கார்டும் ஓட்டும் செகந்தராபாத்தில் இருந்தாலும், திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவருக்குச் சான்றிதழ் இங்கே கிடைக்காது. கிராம முன்சீப் காலத்தில் எழுதிய பிறப்புப் பதிவேடுகள், 1980-ல் அந்தப் பதவிகள் ஒழிந்த பிறகு கைமாறின. பழைய பதிவேடுகள் பல இப்போது சார்பதிவாளர் அலுவலகங்களில் இருக்கின்றன. போய்க் கேட்கிறவர் பிறந்த ஆண்டு, கிராமத்தின் பெயர், தகப்பனார் பெயர், அந்தக் காலத்துத் தாலுகாவின் பெயர் ஆகியவற்றை எழுதி எடுத்துக்கொண்டு போனால் தேடுகிறவருக்கு வேலை சுலபம். பெயர் சூட்டுமுன் எழுதியதாகையால் பெரும்பாலும் "இன்னாருக்கு ஆண் குழந்தை" என்றுதான் இருக்கும். அண்ணன் தம்பி மூன்று பேர் உள்ள வீட்டில், எந்த ஆண் குழந்தை என்று தெரிய, பிறந்த தேதி சரியாகத் தெரிந்திருக்க வேண்டும். தேதி மறந்துபோயிருந்தால், ஊரில் யார் வீட்டிலாவது ஜாதகக் கட்டு இருக்கிறதா என்று முதலில் ஒரு போன் செய்துவிட்டு ரயிலேறலாம்.